பழைய காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷனும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும்: கான்டசா 1.8-ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கார்புரேட்டர் வைத்த வண்டியில் என்ன தொல்லை வந்தாலும் பழி முதலில் கார்புரேட்டர் மேல்தான் விழும். ஐடிலில் நிற்கவில்லையா, மிதித்தால் திணறுகிறதா, மைலேஜ் குறைந்துவிட்டதா, உடனே அதைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவுவார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். ஏனென்றால் இந்தக் குறைகளில் பல ஸ்பார்க் பக்கத்தில் ஒளிந்திருக்கின்றன. தேய்ந்த பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் காயிலின் கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஆட்டம் கண்ட டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட், ஒட்டிக்கொண்ட கவர்னர் வெயிட் எல்லாம் கார்புரேட்டர் கோளாறு போலவே நடிக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான். முதலில் இன்ஜினின் ஆரோக்கியம். அடுத்து இக்னிஷன். அதை மாற்றி, சில வாரம் ஓட்டி, திருப்தியான பிறகுதான் இன்ஜெக்ஷன். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது குறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவிப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்பார்க் சரி என்று உறுதியாகத் தெரிந்தால், இன்ஜெக்ஷன் வேலையில் பாதிச் சந்தேகம் தானாகக் கழிந்துவிடும்.

உதாரணத்துக்கு ஹிந்துஸ்தான் கான்டசா 1.8-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1984-ல் வந்தபோது அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினோடு வந்த கார் அது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்த இன்ஜின் போதவில்லை. பிறகு வந்த இசுசு 1.8 தான் கான்டசாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1817 சிசி, நான்கு சிலிண்டர், 84 மி.மீ. போர், 82 மி.மீ. ஸ்ட்ரோக், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இங்கே சொல்லும் கணக்கு அந்த இன்ஜினுக்கானது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் எதுவானாலும் முறை மாறாது. எண்களை மட்டும் உங்கள் சிசிக்குத் தகுந்தபடி போட்டுக்கொள்ளலாம். பத்மினி, அம்பாசடர்காரர்களும் தாராளமாகப் பின்பற்றலாம்.

முதலில் இன்ஜின் நலமா என்று பாருங்கள்

இன்ஜெக்ஷன் தேய்ந்த இன்ஜினைக் குணப்படுத்தாது. கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பிளக் நான்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்திருக்க வேண்டும். எவ்வளவு வருகிறது என்பதைவிட, நான்குக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். அது 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

டேப்பெட் கேப் சரிசெய்துவிட்டு வேக்கம் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் முள் ஆடாமல் 430 முதல் 500 மி.மீ. பாதரசம் வரை காட்டினால் நல்லது. முள் நடுங்கினால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். பின்னால் மாட்டப்போகும் ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணக்குப் போடும். காற்றுக் கசிவு இருந்தால் அந்தக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும்.

சார்ஜிங்கும் பாருங்கள். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்ட நிலையில் பேட்டரி முனையில் 13.8 வோல்ட்டாவது நிற்க வேண்டும். ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர், காயில், ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து கூடுதலாக 10 முதல் 15 ஆம்பியர் கேட்கும். டைனமோ வைத்த பழைய வண்டியானால் ஆல்டர்நேட்டருக்கு மாறிவிட்டு மேலே படியுங்கள்.

இக்னிஷன், முதல் படி: பாயிண்டுக்கு விடைகொடுப்பது

பழைய இந்தியக் கார்கள் பலவற்றில் சென்னை பாடியிலிருந்து வந்த லூகாஸ்-டிவிஎஸ் டிஸ்ட்ரிபியூட்டர்தான் இருக்கும். நல்ல பொருள், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அதற்குள் இருக்கும் பாயிண்டின் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் 5000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நிமிடத்துக்கு 10,000 ஸ்பார்க் வேண்டும். ஒரு ஸ்பார்க்குக்கு 6 மில்லி செகண்டுதான் கிடைக்கிறது. அதற்குள் பாயிண்ட் மூடி, காயிலில் கரன்ட் ஏறி, மறுபடி திறக்க வேண்டும். அந்த வேகத்தில் ஸ்பிரிங் துள்ளும், பாயிண்ட் முகம் கருகும், கேம் மேல் உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய கேப் குறைந்து டைமிங் பின்னால் நகரும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ரோட்டரைக் கழற்றி, ஷாஃப்டின் தலையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ‘டிக் டிக்’ என்று ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. அதில் எந்த எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டினாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு டைமிங்தான் வரும். நல்ல லேத் பட்டறையில் புது வெண்கல புஷ் போட்டுத் தருவார்கள்.

ஷாஃப்ட் சரியாக இருந்தால் பாயிண்ட் இருந்த இடத்தில் ஹால் எஃபெக்ட் மாட்யூல் மாட்டலாம். ஷாஃப்டில் ஒரு காந்த வளையம், தட்டில் ஒரு சென்சார், வெளியே இரண்டு வயர், அவ்வளவுதான். கன்டென்சருக்கு இனி வேலை இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது காயில். சாதாரண காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். பேலஸ்ட் ரெசிஸ்டரோடு வரும் காயில் சுமார் 1.5 ஓம், ரெசிஸ்டர் இல்லாமல் நேரே கொடுத்தால் 8 ஆம்பியர் ஓடும், மாட்யூல் சூடாகிச் செத்துவிடும். மல்டிமீட்டரில் காயிலின் ஓம் பார்த்து, மாட்யூல் எதைக் கேட்கிறதோ அதையே கொடுங்கள். பிளக் வயரும் பிளக்கும் ரெசிஸ்டர் வகையாக மாற்றிவிடுங்கள். பிற்பாடு ஈசியூ வரும்போது ஸ்பார்க்கின் ரேடியோ இரைச்சல் அதைக் குழப்பாமல் இருக்க இது வேண்டும்.

வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டாலே போதும் என்பது என் கருத்து. கார்புரேட்டரை நன்றாக ட்யூன் செய்து, இந்த இக்னிஷனோடு பல வருடம் நிம்மதியாக ஓட்டலாம். தினமும் ஓட்டுபவர்கள், மலைப்பாதை போகிறவர்கள், வெயிலில் நின்று ஸ்டார்ட் ஆகாமல் அவதிப்படுகிறவர்கள் மேலே வாருங்கள்.

இக்னிஷன், இரண்டாம் படி: கிராங்கிலிருந்து டைமிங்

டிஸ்ட்ரிபியூட்டரின் கவர்னர் வெயிட்டும் வேக்கம் டயாஃப்ரமும் சேர்ந்து தரும் அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் கொடுக்கும் அளவு), ஒரு வளைகோடு மட்டுமே. ஈசியூவில் அது ஒரு முழு அட்டவணை. எந்த ஆர்.பி.எம்.மில், எவ்வளவு லோடில், எத்தனை டிகிரி என்று கட்டம் கட்டமாக நாமே எழுதலாம். இன்ஜெக்ஷனுக்கும் அதே ஈசியூ, அதே கிராங்க் சென்சார்தான் என்பதால் இந்தச் செலவு வீண் போகாது.

ஈசியூவுக்கு என் பரிந்துரை ஸ்பீடுயினோ அல்லது மைக்ரோஸ்குவர்ட். ஸ்பீடுயினோ, ஆர்டுயினோ மெகா போர்டின் மேல் கட்டிய திறந்த வடிவமைப்பு. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் தாங்களே சால்டர் செய்துகொள்ளலாம். மைக்ரோஸ்குவர்ட், மெகாஸ்குவர்ட் குடும்பத்தில் சிறியது, சீல் செய்து வரும். இரண்டையும் ட்யூனர்ஸ்டூடியோ என்ற ஒரே மென்பொருளில் ட்யூன் செய்யலாம்.

கிராங்க் புல்லியில் 36-1 பல்சக்கரம் மாட்ட வேண்டும். 36 பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லாத சக்கரம் அது. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் கிராங்க் எங்கே இருக்கிறது என்று ஈசியூ தெரிந்துகொள்ளும். சக்கரத்தைப் புல்லியோடு லேத்தில் ஏற்றிச் சுற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சென்சாருக்கும் பல்லுக்கும் இடையே 0.8 முதல் 1 மி.மீ. கேப், ஃபீலர் கேஜ் வைத்துச் சுற்றிலும் பல இடத்தில் பாருங்கள். சென்சார் பிராக்கெட்டை இன்ஜின் பிளாக்கிலேயே பிடிக்க வேண்டும், பாடியில் பிடிக்கக் கூடாது. இன்ஜின் மவுன்டிங் ரப்பரில் ஆடும்போது கேப் மாறிவிடும். பிராக்கெட் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய தகடு அதிர்ந்தால் உயர் ஆர்.பி.எம்.மில் சிக்னல் உடையும்.

அடுத்ததுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கும் இடம்: நிஜமான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், எது என்று கண்டுபிடிப்பது. புல்லியில் கம்பெனி போட்ட குறியை நம்ப வேண்டாம். ரப்பர் வைத்து ஒட்டிய டேம்பர் புல்லியில் வெளிவளையம் வருடக்கணக்கில் மெல்ல நழுவியிருக்கலாம். செய்ய வேண்டியது இது. நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த ஓட்டில் ஒரு போல்டைப் பொருத்தி, முனையை உருண்டையாகத் தேய்த்து, முதல் சிலிண்டரில் மாட்டுங்கள். இது பிஸ்டன் ஸ்டாப். ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் போல்டில் மென்மையாக முட்டி நிற்கும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். இப்போது எதிர்ப்பக்கம் சுற்றி, முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரியான நடுவில்தான் டிடிசி. எக்காரணம் கொண்டும் இதற்கு ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடாதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

பல் இல்லாத இடைவெளி சென்சாரைக் கடக்கும் நேரம், டிடிசிக்கு 60 முதல் 90 டிகிரி முன்னால் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிஸ்டன் டிடிசியை நெருங்க நெருங்கக் கிராங்கின் வேகம் தடுமாறும். இடைவெளி அங்கே வந்தால் ஈசியூ ஏமாந்துபோகும்.

காயிலுக்கு வேஸ்டட் ஸ்பார்க் முறை. 1-ம் 4-ம் சிலிண்டரின் பிஸ்டன்கள் சேர்ந்தே மேலே வரும். ஒன்று எரியும் கட்டத்தில், மற்றது புகை தள்ளும் கட்டத்தில். ஒரே காயில் இரண்டுக்கும் ஸ்பார்க் கொடுத்தால், புகைப் பக்கம் போனது வீணாகும், அதனால் கெடுதல் இல்லை. 2-க்கும் 3-க்கும் அதேபோல் இன்னொரு காயில். கேம் சென்சார் தேவையே இல்லை. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகான் ரோகாம் இன்ஜினில் இதே வகை நான்கு முனை காயில் பேக் இருக்கும், புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். அதற்குள் காயிலின் கரன்ட்டைத் திறந்து மூடும் டிரைவர் கிடையாது என்பதை மறக்காதீர்கள். ஸ்பீடுயினோ தருவது 5 வோல்ட் சிக்னல் மட்டுமே. நடுவில் பிஐபி373 போன்ற இக்னைட்டர் வைத்தால்தான் வேலை செய்யும். ட்வெல்லை, அதாவது காயிலில் கரன்ட் ஏற விடும் நேரத்தை, 3 மில்லி செகண்டில் ஆரம்பியுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாகப் பிடுங்கும் முன், அதே ஷாஃப்ட் ஆயில் பம்பையும் சுற்றுகிறதா என்று உங்கள் இன்ஜினில் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் உடலை அங்கேயே விட்டு, மேல்பகுதியை மட்டும் மூடிவிடலாம்.

இப்போது சரிபார்ப்பு. ஈசியூவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, கார்புரேட்டரிலேயே வண்டியை ஓடவிட்டு, டைமிங் லைட் அடியுங்கள். நாம் போட்ட டிடிசி கோட்டுக்கு 10 டிகிரி முன்னால் நிற்கும் வரை ட்ரிக்கர் ஆங்கிள் எண்ணை மாற்றுங்கள். வேஸ்டட் ஸ்பார்க்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பார்க் வருவதால், டயல் வைத்த டைமிங் லைட் இரண்டு மடங்கு காட்டிக் குழப்பும். டயலைப் பூஜ்யத்தில் வைத்து வெறும் லைட்டாகவே பயன்படுத்துங்கள். 3000 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றியும் குறி நகராமல் நின்றால் சக்கரமும் சென்சாரும் உறுதி.

அட்டவணையில் முதலில் போட, அடக்கமான எண்கள்: ஐடிலில் 10 முதல் 14 டிகிரி, முழு மிதியில் 3000-க்கு மேல் 28, மெல்லிய மிதியில் சீராக ஓடும்போது 32 முதல் 36. மேட்டில் மூன்றாம் கியரில் மிதித்துப் பாருங்கள். நாக்கிங் சத்தம் கொஞ்சம் கேட்டாலும் அந்தக் கட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் 3 டிகிரி குறையுங்கள்.

இந்த நிலையில் சில வாரம் ஓட்டுங்கள். மழையில், வெயிலில், நெரிசலில். எங்கும் விக்கவில்லை என்றால் அடுத்ததற்குத் தயார்.

இன்ஜெக்ஷன்: த்ராட்டில் பாடியா, போர்ட்டா

கார்புரேட்டர் இருந்த இடத்தில், உள்ளேயே இன்ஜெக்டர் வைத்த த்ராட்டில் பாடியை உட்காரவைப்பது சுலப வழி. மேனிஃபோல்டைத் தொட வேண்டாம். ஆனால் பெட்ரோல் மேனிஃபோல்டின் சுவரை நனைத்துக்கொண்டே போகும் பழைய தொல்லை அப்படியே தொடரும். போர்ட் இன்ஜெக்ஷனில் நான்கு இன்ஜெக்டரும் வால்வின் முதுகைப் பார்த்துத் தெளிக்கும். அதற்கு மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் உட்கார நான்கு பாஸ் (துளையுள்ள உலோகக் குமிழ்) வெல்டிங் செய்ய வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்டேக் போர்ட் உள்ள இன்ஜினானால் போர்ட் வழியே போங்கள், அந்த வித்தியாசம் முதல் மிதியிலேயே தெரியும். அம்பாசடரின் பழைய 1489 சிசி ஹெட்டில் இரண்டு சிலிண்டர் ஒரே போர்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். அங்கே த்ராட்டில் பாடி வழிதான் தலைவலி இல்லாதது.

வெல்டிங்குக்கு அலுமினியத்தில் டிக் வெல்டிங் நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மேனிஃபோல்டைத் தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய நிலையில் வெல்டிங் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முகம் வளைந்துவிடும். முடிந்ததும் முகத்தைச் சமன் செய்யச் சொல்லுங்கள்.

இன்ஜெக்டர் அளவுக்கு வருவோம். சக்தி 90 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறனுக்கு முழு மிதியில் நிமிடத்துக்கு சுமார் 5.25 சிசி பெட்ரோல் வேண்டும். 90-க்கு 472 சிசி. நான்கால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 118. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்துவைக்கக் கூடாது என்பதால் 0.8-ஆல் வகுத்தால் 148 சிசி. ஆகவே 3 பார் அழுத்தத்தில் 180 முதல் 200 சிசி தரும் இன்ஜெக்டர் கச்சிதம். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 400 சிசி வாங்காதீர்கள். ஐடிலில் அவ்வளவு சிறிய துளியை அதனால் அளந்து விட முடியாது. 12 முதல் 16 ஓம் உள்ள ஹை இம்பிடன்ஸ் வகையாகப் பாருங்கள். பழையது வாங்கினால் நான்கும் ஒரே பார்ட் நம்பரா என்று பார்த்து, அல்ட்ராசோனிக்கில் கழுவி, நான்கின் ஓட்டத்தையும் அளந்து வாங்குங்கள்.

பெட்ரோல் லைன்: இங்கே சிக்கனம் கூடாது

கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம் 0.2, 0.3 பார்தான். இன்ஜெக்ஷனில் 3 பார். பழைய ஹோஸில் விரிசல் இருந்தால் கார்புரேட்டர் வண்டியில் ஒழுகும்; இன்ஜெக்ஷன் வண்டியில் சூடான மேனிஃபோல்டு மேல் பீய்ச்சும். வண்டி எரிந்துபோகும் விபத்து இப்படித்தான் தொடங்குகிறது. எனவே டேங்கிலிருந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரெயில் வரை எல்லாமே புதிது. இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கும் எத்தனாலுக்கும் தாங்கும் என்று அச்சிட்ட ஹோஸ், அதற்கான முழுவளைய கிளிப், பாடிக்கு அடியில் 8 மி.மீ. ஸ்டீல் பைப். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய ரப்பர் எல்லாம் அதில் ஊறி உப்பி மிருதுவாகிவிடும்.

டேங்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். துரு இருந்தால் சுத்தம் செய்யாமல் பம்ப் மாட்டாதீர்கள். ரிட்டர்ன் பைப்புக்காக டேங்கில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். மிதவை யூனிட்டின் மூடித் தட்டைத் தனியாகக் கழற்றி எடுத்து, அதில் ரிட்டர்ன் பைப்பைப் பித்தளைப் பற்றவைப்பு செய்து மாட்டினால் டேங்கைத் தொட வேண்டியதில்லை. ரிட்டர்ன் பெட்ரோல் உறிஞ்சும் குழாயிலிருந்து தள்ளி விழட்டும்.

பம்பை வெளியே மாட்டுவதானால் டேங்குக்கு அருகில், டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே. இந்த வகைப் பம்ப் தள்ளும், உறிஞ்சாது. பம்புக்கு முன் பெரிய கண் உள்ள ஃபில்டர், பின் நுண்ணிய இன்ஜெக்ஷன் ஃபில்டர். பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையைக் கேஸ்கெட்டோடு தகடு போட்டு மூடுங்கள். பம்புக்கு ஈசியூ கட்டுப்படுத்தும் ரிலே கட்டாயம். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்க வேண்டும். கூடவே மோதலில் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்று. புதுக் கார்களில் இருக்கும் இந்தப் பாதுகாப்பு நாம் கட்டும் வண்டியிலும் இருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் தீயணைப்பான், பேட்டரியின் நெகட்டிவ் கழற்றிய நிலை, இரண்டும் எப்போதும்.

பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் சிறு குழாயை மேனிஃபோல்டு வேக்கத்தோடு இணையுங்கள். ஐடிலில் கேஜ் 2.4, 2.5 பார் காட்டி, அந்த ஹோஸைப் பிடுங்கினால் 3-க்கு ஏறினால் அது ஒழுங்காக வேலை செய்கிறது.

சென்சாரும் வயரிங்கும்

த்ராட்டில் பாடி 45 முதல் 50 மி.மீ. போதும். அதிலேயே டிபிஎஸ்ஸும் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) ஐடில் ஏர் வால்வும் சேர்ந்து வரும் ஒன்றை எடுத்தால் இரண்டு பிராக்கெட் வேலை மிச்சம். கூலன்ட் சென்சார் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். காற்று வெப்ப சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கம் வையுங்கள். மேனிஃபோல்டு உலோகத்தில் வைத்தால் சித்திரை வெயிலில் நின்று எடுத்த வண்டிக்குக் காற்று கொதிக்கிறது என்று பொய் சொல்லி, பெட்ரோலைக் குறைத்துவிடும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கான ஹோஸை த்ராட்டிலுக்குப் பின்னால், நான்கு சிலிண்டருக்கும் பொதுவான இடத்திலிருந்து எடுங்கள்.

கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் ட்யூன் செய்ய முயலாதீர்கள். சைலன்சர் பைப்பில் நான்கும் சேரும் இடத்துக்குப் பின், சென்சார் தலை படுக்கைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே சாய்ந்திருக்கும்படி நட் வெல்டிங் செய்யுங்கள். கீழே சாய்ந்தால் தண்ணீர் தேங்கிப் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

வயரிங்கில் இரண்டே விதி. சென்சார்களின் எர்த் எல்லாம் ஈசியூவின் சென்சார் எர்த்துக்கு மட்டுமே போக வேண்டும், பாடியில் எங்கும் தொடக் கூடாது. ஈசியூவின் பெரிய எர்த் நேரே இன்ஜின் பிளாக்குக்கு, பெயின்ட் சுரண்டிய இடத்தில். காரணம் புரியாத பாதிக் கோளாறு எர்த்தில் கிடைக்கும். கிராங்க் சென்சார் வயர் ஷீல்டு வைத்ததாக இருக்கட்டும், ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், பிளக் வயரிலிருந்து விலக்கி ஓட்டுங்கள். பம்ப், இன்ஜெக்டர், காயில் மூன்றுக்கும் தனித்தனி ஃப்யூஸ். ஈசியூ காரின் உள்ளே, கால்பக்கத் தகட்டுக்குப் பின்னால், போனட்டுக்குள் வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்

ரெக்வயர்டு ஃப்யூயல் (ஒரு சிலிண்டர் நிறையக் காற்றுக்கு இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டிய நேரம்) என்ற எண்ணை மென்பொருளே போட்டுத் தரும், ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் பிற்பாடு எது தவறினாலும் கண்ணில் படும். ஒரு சிலிண்டர் 454 சிசி. அதில் அடங்கும் காற்று 0.545 கிராம். பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்று விகிதமான 14.7-ஆல் வகுத்தால் 0.037 கிராம் பெட்ரோல், அதாவது சுமார் 0.05 சிசி. நிமிடத்துக்கு 200 சிசி தரும் இன்ஜெக்டருக்கு அதைத் தெளிக்க 15 மில்லி செகண்டு ஆகும். 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி செகண்டு இருக்கிறது. ஆக இன்ஜெக்டர் போதும். இ20-க்கு அந்த 14.7 சுமார் 13.5 ஆகிவிடும், பெட்ரோல் 8, 9 சதவீதம் கூடுதலாகப் போக வேண்டும். கார்புரேட்டரில் ஜெட் மாற்றினால்தான் இது நடக்கும். இங்கே ஒரு எண்ணைத் திருத்தினால் முடிந்தது. குழப்பம் வராமலிருக்க ட்யூனிங் முழுக்க லாம்டாவிலேயே பாருங்கள். எந்தப் பெட்ரோலானாலும் லாம்டா 1 என்றால் அளவு சரி, 1-க்குக் கீழே பெட்ரோல் அதிகம், மேலே குறைவு.

சாவியைப் போட்டதும் சென்சார்களைத் திரையில் பாருங்கள். கூலன்ட்டும் காற்றும் அன்றைய வெயிலைக் காட்ட வேண்டும். மேப், சென்னையில் 100, 101 கிலோ பாஸ்கல். டிபிஎஸ் விட்டால் 0, மிதித்தால் 100. அப்புறம் பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் தடவிப் பாருங்கள். இன்ஜெக்டர், காயில் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டர் சுற்றினால் 200-ஐ ஒட்டி ஆர்.பி.எம். நிலையாகத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகே கனெக்டர்களை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்துக்கொண்டதும் மறுபடி டைமிங் லைட்.

சூடாகும் வரை தொடர்ந்து கவனியுங்கள். நம் ஊர் 30 டிகிரி காலையில் 130 சதவீத அளவு பெட்ரோலில் தொடங்கி, கூலன்ட் 75 டிகிரி செல்சியஸ் தொடும்போது 100-க்கு இறங்கினால் போதும். ஐடில் 850 ஆர்.பி.எம்., லாம்டா 0.95 முதல் 1. சீரான ஓட்டத்தில் 1. முழு மிதியில் 0.86 முதல் 0.88. இந்தக் கடைசி எண்ணில் கஞ்சத்தனம் வேண்டாம், மெலிந்த கலவை முழு மிதியில் பிஸ்டனை உருக்கிவிடும். ஆட்டோட்யூன் நல்ல உதவி. நீங்கள் ஓட்ட, பக்கத்தில் ஒருவர் லேப்டாப்பைப் பார்க்கட்டும். ஐடில், மெதுவான ஓட்டம், நெடுஞ்சாலை, கடைசியாக முழு மிதி என்ற வரிசையில் போங்கள். திடீரென்று மிதிக்கும்போது வரும் தயக்கத்தை, அந்த நேரம் கூடுதல் பெட்ரோல் தரும் ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட் மூலம் எல்லாவற்றுக்கும் கடைசியில் சரிசெய்யுங்கள். அட்டவணை சரியாக இல்லாமல் அதைத் திருகினால் ஒரு தவறை இன்னொன்றால் மூடுவதாகிவிடும்.

வெயிலில் அரைமணி நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்துத் திணறிய அந்த நேரம், ரிட்டர்ன் லைன் வழியாகப் பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருப்பதால் இப்போது சுலபமாகக் கடந்துவிடும். முடிந்தால் ஒருமுறை ஊட்டிக்கு ஏறுங்கள். 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 77, 78 கிலோ பாஸ்கலுக்கு இறங்கிவிடும். கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகம் கொட்டிக் கரும்புகை விடும்; மேப் சென்சார் வைத்த இன்ஜின் அழுத்தத்தைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஆர்.டி.ஓ., டிக்கி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. இந்த வேலையில் இன்ஜின் நம்பரும் சிசியும் எரிபொருள் வகையும் மாறுவதில்லை. இருந்தாலும் வேலை தொடங்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் புகைச் சோதனைச் சான்றிதழ் புதிதாக எடுங்கள். மாற்றத்துக்கு முன் எடுத்த தாளையும் பத்திரமாக வைத்திருந்தால், கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் காட்ட உதவும்.

டிக்கியில் ஒரு சிறு பெட்டி இருக்கட்டும். உபரி கிராங்க் சென்சார், ரிலே இரண்டு, ஃப்யூஸ், இக்னைட்டர் ஒன்று, ஒரு மீட்டர் இன்ஜெக்ஷன் ஹோஸும் கிளிப்பும். நெடுஞ்சாலையில் எந்த மெக்கானிக்கிடமும் இவை உடனே கிடைக்காது. வயரிங் வரைபடத்தைப் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்து அதோடு வையுங்கள், ட்யூன் ஃபைலின் ஒரு பிரதி உங்கள் போனில் இருக்கட்டும்.